அக்காவுக்குப் பார்த்த சேஸ்

பாடாலூர் ரோட்டோரத்தில் பூமாலை மேஸ்திரியின் கொட்டகையில் அன்றைக்கு ரெண்டு சேஸ் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. சேஸ் என்றால் வேறொன்றுமில்லை, கூண்டு கட்டாத மோட்டார். எஞ்சின், சக்கரம், நீளமாக ரெண்டு இரும்புச் சட்டம், டிரைவர் உட்கார ஒரு மரப்பெட்டி. அவ்வளவுதான். அதன்மேல் லாரிக் கூண்டு கட்டினால் லாரி, பஸ் கூண்டு கட்டினால் பஸ். அரியலூர்ப் பக்கத்து மிராசுதார் சிங்காரவேலு அதன்மேல் கட்டச் சொன்னதோ வீடு.

ஆமாம், வீடேதான்! தேக்குக் கட்டில் ரெண்டு, மடக்கு மேஜை, ஆளுயரக் கண்ணாடி பதித்த அலமாரி, சமைக்க மண்ணெண்ணெய் அடுப்பு, கூரைமேல் பித்தளைத் தண்ணீர்த் தொட்டி, பின்னால் கதவு போட்ட கக்கூஸ்கூட உண்டு. ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரிக்கட்டுமே! பெண்டாட்டி அழுவதைப் பார்ப்பதைவிட ஊர் சிரிப்பதைப் பார்ப்பது மேல் என்று நினைக்கிற மனுஷன் அவர்.

அவர் பெண்டாட்டி பொன்னம்மாள் அழுததற்குக் காரணம் இருந்தது. ஒரே மகள் தனத்தைத் தை மாசம் அரும்பாவூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் பஞ்சநாதன் மகனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணம் முடிந்த மறுநாளே பொன்னம்மாளுக்குச் சம்பந்தி பஞ்சநாதன் மேல் கோபம். சும்மா கோபமா? குலதெய்வத்துக்கு முன்னால் சூடத்தை ஏற்றி, அதை அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டாள். “அந்த வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன். அந்த வூட்டுப் பச்சத் தண்ணி என் பல்லுல படாது.” பொன்னம்மாள் வாயால் சொன்னாலே மாற்ற மாட்டாள், இது சூடம் வேறு.

இப்போது மகள் முழுகாமல் இருக்கிறாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் பெற்றவள் நேரில் போய், நடு வீட்டில் உட்கார்ந்து, வளையல் போட்டு அழைத்து வர வேண்டும். சிங்காரவேலு மட்டும் ஒரு தடவை போய்ப் பார்த்தார். சம்பந்தி சொன்ன ஏதோ ஒரு சொல்லில் அவளுக்குக் கோபம் என்று மட்டும் சொன்னார். “பெத்தவ வராம எப்படிங்க அனுப்புறது? அவ்வளவு எளக்காரமா போயிட்டோமா?” என்று அந்த வீட்டுப் பெண்கள் கேட்டார்கள். அதுவும் நியாயம்தானே. அவர் திரும்பி வந்து ரெண்டு நாள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மூன்றாம் நாள் எழுந்து பெண்டாட்டியிடம் சொன்னார்:

“நீ அவங்க வூட்டுக்குப் போக வேணாம் பொன்னு. நம்ம வூட்டையே அவங்க தெருவுக்கு ஓட்டிக்கிட்டுப் போயிடுவோம். நம்ம அடுப்பு, நம்ம தண்ணி, நம்ம கட்டிலு. மகளை நம்ம வண்டிக்குள்ள கூப்பிட்டு வச்சுப் பாத்துக்க. சாமிக்கும் பதில் சொல்லிடலாம்.”

அவள் சிரித்தே எத்தனை மாசமோ ஆகியிருந்தது. அன்றைக்குச் சிரித்தாள்.

அதனால்தான் இந்தச் சேஸ் பார்க்கும் படலம். கூட வந்திருந்தவன் பொன்னம்மாளின் தம்பி சின்னதுரை. சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து அஸ்ஸாம் பக்கம் லாரி ஓட்டியவன். குடும்பத்தில் மோட்டார் விஷயம் என்றால் அவன் வாக்குதான் வேதவாக்கு. மோட்டார் என்ன, எந்த விஷயமானாலும் பொன்னம்மாளுக்கு அவன் வாக்குதான். தாய் செத்தபிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அவன் சொன்னால் மறுபேச்சுக் கிடையாது.

பூமாலை மேஸ்திரி வாயில் வெற்றிலையோடு ஆரம்பித்தார். “இந்தா நிக்கிறது சீமை பஸ் சேஸுங்க. புத்தம் புதுசு. நல்ல நீளம், ரெண்டு கட்டிலு தாராளமா போடலாம். சட்டம் தாழ்வா இருக்குறதால அம்மா ஒரே படியில ஏறிடுவாங்க. ஸ்பிரிங் பட்டையப் பாருங்க, தொட்டில் கெட்டுது போங்க! ஒரே ஒரு விஷயம், பின்சக்கரம் மட்டுந்தான் இழுக்கும்.”

“அது?” என்று மற்றதைக் காட்டினார் சிங்காரவேலு.

“அது அமெரிக்காக்காரன் பட்டாள லாரிங்க. சண்டை முடிஞ்சு ஏலத்துல வந்தது. நீளம் இல்லாத கட்டை வண்டி. ஒரு கட்டிலுதான் கொள்ளும். ஏணி வச்சு ஏறணும். உள்ள உக்காந்தா வயித்துல இருக்குறது வாய்க்கு வந்துடும். ஆனா முன்சக்கரம், பின்சக்கரம் எல்லாமே இழுக்கும். சேறு, சகதி, ஓடை ஒண்ணும் பாக்காது. அதுபாட்டுக்குப் போயிட்டே இருக்கும்.”

சிங்காரவேலு மாட்டு வண்டி வாங்குகிற மாதிரியே ரெண்டின் மேலும் ஏறி நின்று, காலால் அமுக்கிப் பார்த்தார். பிறகு கீழே குதித்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். “எனக்கு ஒரு எழவும் புரியல. மச்சான், நீ சொல்லு. எதுன்னாலும் சரி.”

சின்னதுரைக்குப் புரியாதா? அந்தப் பட்டாள லாரியைப் பார்த்ததும் அவனுக்கு உள்ளங்கை அரித்தது. முழங்கால் சேற்றில், மலைச்சரிவில், மழையோடு மழையாக அதே சாதி லாரியைத்தான் ஓட்டியிருக்கிறான். ஒரு தடவைகூட அவனை நடுவழியில் விட்டதில்லை. வண்டி தயாராக ஐப்பசி ஆகிவிடும். பெரம்பலூரைத் தாண்டி அரும்பாவூர்ப் பாதையில் கரிசல்காடு. ஐப்பசி மழையில் அந்த மண் களியாகிவிடும், கால் வைத்தால் செருப்பு திரும்பி வராது. நீள வண்டி, தாழ்ந்த சட்டம், தேக்கும் பித்தளையும் ஏற்றின கனம், பின்சக்கரம் மட்டும் இழுப்பு. போய்ச் சேராது. சத்தியமாகப் போய்ச் சேராது.

தெரிந்தேதான் சொன்னான்.

“நீளமானதுதான் மாமா. அக்காவுக்கு இடுப்பு வலி. அந்தப் பட்டாள வண்டியில ஏத்தினா பெரம்பலூர் போறதுக்குள்ள எலும்பு கழண்டுடும்.”

“மழை நாளா இருந்தா மட்டும் கொஞ்சம்…” என்று மேஸ்திரி இழுத்தார்.

“ஓட்டப்போறது நானு. மழையெல்லாம் நான் பாத்துக்குறேன் மேஸ்திரி, நீங்க கட்டிலு அளவப் பாருங்க” என்று வெட்டிவிட்டான்.

சிங்காரவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தியா! இடுப்பு வலி எனக்குத் தோணவேயில்ல. கட்டினவனைவிடக் கூடப்பொறந்தவனுக்குத்தான் கவலை” என்று மேஸ்திரியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். சின்னதுரை குனிந்து சேஸுக்கு அடியில் எதையோ பார்ப்பதுபோல நெடுநேரம் குனிந்தே இருந்தான். அடியில் ஒன்றுமில்லை. முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஏன் அப்படிச் செய்தான் பாவி? சொல்கிறேன்.

கல்யாணத்தில் தாய்மாமனுக்குத்தான் முதல் மரியாதை. சபையில் சந்தனம் கொடுக்கும்போது பஞ்சநாதன் கூட்ட நெரிசலில் கவனிக்காமல், முன்வரிசையில் இருந்த வேறொரு பெரியவருக்கு முதலில் நீட்டிவிட்டார். அடுத்து சின்னதுரைக்குத்தான் வந்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பட்டாளத்திலிருந்து திரும்பி, ஊர் முழுக்கத் தன்னைப் பார்க்கிறது என்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்தவனுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. சந்தனத்துக்காகக் கோபம் என்று சொன்னால் சின்னப்பிள்ளைத்தனம் என்று சிரிப்பார்களே! அதனால் மறுநாள் அக்காவிடம் வேறு ஒன்று சொன்னான். “சம்மந்தி பந்தியில என்ன சொன்னாரு தெரியுமாக்கா? ‘பொண்ணோட ஆத்தாளுக்கு நாலு பேரு முன்னால நிக்கத் தெரியல, சோறு கண்ட எடம் சொர்க்கம்னு வளந்த குடும்பம்’னு சொல்லிச் சிரிச்சாரு.”

பஞ்சநாதன் அப்படி ஒரு வார்த்தை சொல்லவேயில்லை. முழுப் பொய். அக்கா ரெண்டு வசவு வைவாள், தன் பக்கம் நிற்பாள், மனசு ஆறும் என்று நினைத்தான். அவளோ தாயில்லாமல் தான் வளர்த்த குடும்பத்தைச் சம்பந்தி இப்படிப் பழித்துவிட்டாரே என்று துடித்துப்போய், நேரே கோயிலுக்குப் போய்ச் சூடத்தை அடித்துவிட்டாள். அடித்த சூடத்தை என்ன பண்ணுவது? இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் வாய்வரை வரும். அக்கா அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றுவாள். சோற்றோடு அதையும் விழுங்கிவிடுவான்.

இப்போது அக்கா அந்தத் தெருவிலேயே வண்டியை நிறுத்திக் குடியிருந்தால்? பெண்பிள்ளைகள் பேசாமல் இருப்பார்களா? ‘எங்க வூட்டு ஆளு அப்படி என்னதான் சொன்னாரு?’ என்று ஒரு நாளில் கேட்டுவிடுவார்கள். அத்தோடு சின்னதுரையின் சாயம் வெளுத்துவிடும். வண்டி நடுவழியில் நின்றால் திரும்பிவிடலாம், மருத்துவச்சி இருக்கிறாள், பிள்ளை அதுபாட்டுக்குப் பிறக்கும், காலப்போக்கில் எல்லாம் அடங்கிவிடும். இப்படியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். சொன்னானே தவிர, ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்கவில்லை.

வண்டி ஐப்பசியில் வந்து நின்றது. அடடா, அந்த அழகை என்ன சொல்ல! தெருவே திரண்டுவந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தது. பொன்னம்மாள் கட்டிலில் உட்கார்ந்து ஒரு தடவை ஆடிப்பார்த்தாள். “தம்பி பாத்துப் பாத்து எடுத்தது. என் இடுப்புக்காகவே எடுத்தான்” என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். ஒவ்வொரு தடவை அவள் சொல்லும்போதும் சின்னதுரைக்கு நெஞ்சுக்குள் ஏதோ பிறாண்டியது.

நல்ல நாள் பார்த்துக் காலையில் கிளம்பினார்கள். அரியலூரிலிருந்து பெரம்பலூர்வரை வண்டி தேர் மாதிரி போயிற்று. பொன்னம்மாள் உள்ளே மகளுக்குப் பிடித்த அதிரசத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, மகளிடம் என்னென்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அரும்பாவூர்ப் பாதையில் திரும்பியதும் மழை பிடித்தது. கரிசல் ஆரம்பித்த இடத்தில் சின்னதுரை வண்டியை நிறுத்தியிருக்கலாம், ‘மாமா, இது தாங்காது’ என்று சொல்லியிருக்கலாம். விடாமல் ஓட்டினான். கொஞ்ச தூரம்தான். பின்பக்கம் ஒரு குலுக்குக் குலுக்கி, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி, கருஞ்சேற்றை வாரி இறைத்து, அச்சுவரை இறங்கி உட்கார்ந்துவிட்டது. அவன் நினைத்த இடத்தில், நினைத்த மாதிரியே.

நினைத்தது நடந்தால் மனுஷனுக்குச் சந்தோஷம் வர வேண்டும். அவனோ ஸ்டீரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டான்.

காட்டில் வேலையாக இருந்தவர்கள் ஓடிவந்து தள்ளினார்கள். ஏர் மாட்டைப் பூட்டி இழுத்தார்கள். ம்ஹூம். பொன்னம்மாள் ஜன்னலில் தலையை நீட்டி, “சின்னு, எப்படியாச்சும் எடுத்துடுவல்ல?” என்று கேட்டாள். “எடுத்துடலாங்க்கா” என்றான். அதுவும் பொய்.

மதியம்போல எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கூண்டு மாட்டு வண்டி வந்தது. இறங்கி ஓடிவந்தவர் பஞ்சநாதன். வண்டி சேற்றில் மாட்டிய சேதி எப்படியோ ஊருக்குள் எட்டியிருந்தது. மேலெல்லாம் நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நேரே பொன்னம்மாள் இருந்த ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

“தங்கச்சி, காலையிலேர்ந்து உன் மகளுக்கு வலி. புள்ள திரும்பலைன்னு மருத்துவச்சி பயப்படுறா. பொண்ணு ‘அம்மா அம்மா’ன்னு கத்துது. வேற ஆரு கையையும் புடிக்க மாட்டேங்குது. என் வண்டியில ஏறிடும்மா.”

பொன்னம்மாள் முகம் வெளுத்துவிட்டது. எழுந்தாள். எழுந்தவள் நின்றாள். “சூடம் அடிச்சிருக்கேனே… சாமி குத்தம் எம்மகளப் புடிச்சுக்கிட்டா?”

பஞ்சநாதன் இதைக் கேட்டதும் செய்த காரியம்தான் சின்னதுரையைக் கொன்றுபோட்டது. அந்த மனுஷன், வயசில் மூத்தவர், நாலு ஊருக்குப் பஞ்சாயத்துச் சொல்கிறவர், அத்தனை பேருக்கு முன்னால் அந்தச் சேற்றில் மண்டியிட்டார்.

“நான் என்ன சொன்னேன்னு எனக்கு ஞாபகம் இல்ல தாயி. ஆனா நீ இவ்வளவு வேதனப்படுறேன்னா, என்னமோ சொல்லித்தான் இருப்பேன். கலியாண அவசரத்துல வாய் தவறியிருக்கும். தப்பு என்னுதுதான். சாமி குத்தம் எதுன்னாலும் என் தலையில விடியட்டும். எங்க வூட்டுப் புள்ளைய வந்து காப்பாத்து.”

சின்னதுரை ரெண்டடி தள்ளித்தான் நின்றான். ‘நீங்க ஒண்ணும் சொல்லலைங்க, நான்தான் சொன்னேன்’ என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. செய்யாத தப்புக்கு ஒருவர் சேற்றில் மண்டியிடுகிறார், செய்தவன் கல்லு மாதிரி நிற்கிறான். தூ! என்ன ஜென்மம்!

பொன்னம்மாள் அதிரசத் தூக்கோடு இறங்கிவிட்டாள். இடுப்பு வலியாவது ஒன்றாவது. முழங்கால்வரை சேற்றில் இறங்கி, பஞ்சநாதன் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். “எழுந்திரிங்கண்ணே. வாங்க போவோம்.” சிங்காரவேலு வண்டியை மீட்க நின்றுகொண்டார். மாட்டு வண்டி கிளம்பும்போது பஞ்சநாதன் திரும்பிப் பார்த்து, “நீங்களும் வாங்க தம்பி. தாய்மாமன் இல்லாம எப்படி?” என்று கூப்பிட்டு, தன் பக்கத்திலேயே இடம் கொடுத்தார்.

அந்த வீட்டு வாசப்படியைப் பொன்னம்மாள் கவனித்தாளா என்றுகூடத் தெரியாது. ஒரே ஓட்டமாக உள்ளே போய்விட்டாள். கூடத்தில் ஆண்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே தனத்தின் அலறல் ஏறி இறங்கியது. சின்னதுரை தூணில் தலையைச் சாய்த்துக்கொண்டான். ‘புள்ளைக்கும் தாய்க்கும் ஒண்ணும் ஆகக்கூடாது சாமி. ஆச்சுன்னா நான்தான் கொன்னவன். அந்தக் கட்டை வண்டிய எடுத்திருந்தா அக்கா எப்பவோ வந்து சேந்திருக்கும்.’ வேண்டுதல் வைக்கக்கூட அவனுக்கு வெட்கமாக இருந்தது.

மழை விட்டபிறகு பிள்ளை அழுதது. ஆண் குழந்தை. தாய்க்கும் ஆபத்தில்லை. பொன்னம்மாள் பழந்துணியில் சுற்றிய பேரனைக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்த வீட்டுப் பெண் ஒருத்தி கொடுத்த தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாள். எல்லாருக்கும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

“சேனை வைக்கணுமே” என்றார் பஞ்சநாதன். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணியை யார் வைக்கிறார்களோ, அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். கிண்ணத்தை வாங்கி, அவர் நேரே சின்னதுரையிடம் நீட்டினார். “தாய்மாமன் வையுங்க தம்பி. பட்டாளத்துல இருந்த தைரியசாலி. உங்களாட்டம் வரட்டும்.”

“ஆமாண்டா, நீயே வையி” என்றாள் பொன்னம்மாள், முகமெல்லாம் பூரித்து.

அவன் விரலைத் தோய்த்தான். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, பூ மாதிரி வாயைத் திறந்தது. விரல் உதட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டது. அங்கேயே நின்றுவிட்டது.

“என் குணம் வேணாங்க்கா” என்றான். “இந்தப் புள்ளைக்கு என் குணம் வேணாம்.”

அப்புறம் நிறுத்த முடியவில்லை. சந்தனத்தைச் சொன்னான். பந்திப் பேச்சு முழுசும் தன் கற்பனை என்று சொன்னான். பாடாலூர்க் கொட்டகையில் எது போகும், எது போகாது என்று தெரிந்தே போகாத சேஸைக் கைகாட்டியதையும் சொன்னான். சொல்லி முடித்ததும் தரையில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு கேவிக் கேவி அழுதான்.

உள் அறையிலிருந்து தனத்தின் குரல்தான் மெலிதாக வந்தது. “மாமா, அப்ப எங்கம்மா எம்மூஞ்சியப் பாக்காம இருந்தது இதுக்காகவா? ஒரு துளி சந்தனத்துக்கா?”

பொன்னம்மாள் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என் இடுப்பு வலியையாடா சாக்கு வச்ச?” என்று கேட்டாள். அதைக் கேட்கும்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது. பிறகு பிள்ளையைப் பஞ்சநாதன் பக்கம் திருப்பினாள். “நீங்க வையுங்கண்ணே. செய்யாத தப்புக்கு எங்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களே, அந்தக் குணம் வரட்டும்.” பஞ்சநாதன் தயங்கித் தயங்கி விரலைத் தோய்த்து வைத்தார். பிள்ளை சப்புக்கொட்டியது.

சின்னதுரை எழுந்து அக்கா காலடிக்கு வந்தான். “என்னைத் திட்டுக்கா. இனிமே என் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சூடம் அடி. தாங்கிக்குறேன்.” நிஜமாகவே அதைத்தான் எதிர்பார்த்தான். அது நடந்தால் பாரம் பாதியாவது இறங்கும் என்று நினைத்தான்.

“சூடம் அடிச்சது போதும்டா” என்றாள் பொன்னம்மாள். “நீ என் தம்பி. என் வூட்டுக்கு வா, சோறு போடுறேன். உன் வூட்டுக்கு நானும் வரேன். அதுல ஒரு மாத்தமும் இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. இனிமே மழை பெய்யுதுன்னு நீ சொன்னாக்கூட, நான் கையை நீட்டிப் பாத்துட்டுத்தான் நம்புவேன்.”

அவன் வாசலுக்குப் போய் நின்றான். கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் ஒரே சத்தம். பத்துப் பதினைந்து ஜோடி மாடுகளைப் பூட்டி, ஊர் கூடிச் சேற்றில் மாட்டிய வீட்டு வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். மேலெல்லாம் சேறு. முன்னால் சிங்காரவேலு தலைப்பாகையை அவிழ்த்து ஆட்டிக்கொண்டே ஓடிவந்தார். சின்னதுரை எல்லாவற்றையும் மறந்துபோய், சந்தோஷத்தில் உள்ளே திரும்பிக் கத்தினான்.

“அக்கா! வண்டி வந்துடுச்சுக்கா! மாமா வந்துட்டாரு!”

பொன்னம்மாள் பேரனை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி, எதிரே இருந்த சம்பந்தியைப் பார்த்துக் கேட்டாள்:

“நெசமாண்ணே?”